மறைந்திருக்க வேண்டிய வரி

புயல் கரையைத் தொடும் என்று சொல்லப்பட்ட நாளின் காலையில் கிளாரிங் அலுவலகத்துக்கு நடந்து வந்தபோது, இலோய்லோ நகரத்தில் பாதிக் கடைகளுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. அவள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த ரொட்டிக்கடை மட்டும் திறந்திருந்தது. வாசலில் கூட்டம். மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. காற்று மட்டும் விட்டு விட்டு வந்து தெருக்கம்பிகளை உலுக்கிவிட்டுப் போனது.

அவள் அன்று விடுப்பு எடுத்திருக்கலாம். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் பயம் இன்னும் கூடும் என்றுதான் கிளம்பி வந்தாள். அவள் தங்கை எதெல் கடலுக்கு நடுவே பனகான் தீவில் இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அப்போது ஏதோ ஒரு பெருங்கடலின் நடுவில் இருந்தான். நவம்பர் பிறந்ததும் கல்லறைத் திருநாளுக்காக அப்பா அம்மா கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றத் தீவுக்குப் போனவள், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரேன் மானாங்" என்று அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். அந்த இரண்டு நாளைக்குள் புயல் திசை திரும்பிவிட்டது.

மாடியில் டாடோவும் மைலினும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். டாடோ நிறுவனத்தின் முதலாளி. நிறுவனம் என்பது ஐந்து மேசையும் ஒரு காபி இயந்திரமும்தான். மைலின் நிரல் எழுதுகிற பெண், வாய் ஓயாதவள். மற்ற இரண்டு பேர் அதே திருநாளுக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, மாகாணப் பேரிடர் அலுவலகத்துக்கு ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தது. புயல் நேரத்தில் தீவுகளில் இருப்பவர்கள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயரையும் இடத்தையும் போட்டு, 'படகு வேண்டும்' என்ற பட்டனை அழுத்தினால், அது பேரிடர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். சேர்ந்தபின் போனில் ஒரு வரி வரும்: 'உங்கள் கோரிக்கை கிடைத்தது. இருக்கும் இடத்திலேயே இருங்கள். படகு வருகிறது.'

கிளாரிங்கின் வேலை அந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது. அவள் எழுதி வைத்திருந்த டெஸ்டுகள் கணினிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ப்ரவுசரை ஓட்டி, மனுஷர் செய்வதுபோலவே பெயர் எழுதி, பட்டனை அழுத்தி, வரவேண்டியது வந்ததா என்று பார்க்கும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. சிவப்பானால், அந்த நொடியில் பக்கம் எப்படி இருந்தது என்று ஒரு ஃபைலாகச் சேமித்தும் வைக்கும்.

விடிகாலையில் டாடோ அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து ஏற்றியிருந்தார். இன்னொரு பள்ளிக்கூடத்தைப் பாதுகாப்பு மையமாக அறிவித்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சேர்க்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். வழக்கமாக டெஸ்ட் ஓடி முடிந்த பிறகுதான் ஏற்றுவார்கள். அன்று அவசரம், முதலில் ஏற்றிவிட்டார். கிளாரிங் வந்து உட்கார்ந்ததும், ஏற்றியிருந்ததை அப்படியே தன் கணினிக்கு நகலெடுத்து டெஸ்டை ஓட்டினாள்.

சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. திரை முழுக்கச் சிவப்பாக இறங்கிக்கொண்டே வந்தது.

"சார் டாடோ, இங்க பாருங்க."

டாடோ எட்டிப் பார்த்தார். "காலையிலேர்ந்து கரன்ட் மூணு தடவ போயிட்டு வந்துச்சு. கரன்ட் ஆடினா டெஸ்டும் ஆடும். மறுபடி ஓட்டுங்க."

மறுபடி ஓட்டினாள். அதே சிவப்பு. முதல் சிவப்புக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது: பட்டனை அழுத்துவதற்கு முன்பே 'படகு வருகிறது' என்ற வரி திரையில் தெரிகிறது.

கிளாரிங் சேமித்த ஃபைலைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் எழுத்துகள் இடது ஓரமாக மேலிருந்து கீழே சரிந்து கிடந்தன. ஆரஞ்சுப் பட்டை இல்லை, பெட்டிகள் இல்லை. நீல அடிக்கோடு போட்ட இணைப்புகள். விரல்நுனி அளவு இருக்கவேண்டிய படகுப் படம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றுக்கும் கீழே அந்த வரி. இருக்கும் இடத்திலேயே இருங்கள். படகு வருகிறது.

மைலின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "அய்யோ, மானாங் கிளாரிங் மறுபடியும் எலும்புக்கூட்டைத் திறந்துட்டாங்க!"

"சிரிக்காத இந்தாய். அந்த வரி ஏன் தெரியுது?" என்றாள் கிளாரிங். அந்த ஊரில் மூத்தவள் மானாங், இளையவள் இந்தாய்.

"சேமிச்ச பக்கம் எப்பவும் இப்படித்தானே தெரியும்?"

அது உண்மைதான். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. சேமிக்கப்படுவது பக்கத்தின் எழுத்து மட்டும். அதற்கு நிறமும் வடிவமும் கொடுக்கிற ஸ்டைல்ஷீட்டும், பட்டனை வேலை செய்ய வைக்கிற ஸ்கிரிப்டும் தனித்தனி ஃபைல்கள். டெஸ்ட் ஓடும்போது அவற்றை எடுத்துக் கொடுக்க ஒரு தற்காலிக சர்வர் இருக்கும். டெஸ்ட் முடிந்ததும் அது நின்றுவிடும். பிறகு சேமித்த பக்கத்தைத் திறந்தால் கேட்டதைக் கொடுக்க ஆள் இருக்காது. பக்கம் அம்மணமாகத்தான் நிற்கும். 'படகு வருகிறது' என்ற வரியும் எப்போதும் பக்கத்துக்குள்ளேயே இருப்பதுதான். ஸ்டைல்ஷீட் அதை மறைத்து வைத்திருக்கும், கோரிக்கை போய்ச் சேர்ந்ததும் ஸ்கிரிப்ட் அதை எடுத்துக் காட்டும். மறைக்கிற ஃபைல் இல்லையென்றால் அது தெரியத்தானே செய்யும்.

ஆகவே அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் கிளாரிங் அதை மூடவில்லை.

"டெஸ்ட் ஓடும்போதே அந்த வரி தெரிஞ்சிருக்கு. அதனாலதான் சிவப்பு. சேமிச்சதுக்கு அப்புறம் தெரியுறது வேற விஷயம்" என்றாள்.

டாடோவின் முகத்தில் தூக்கமில்லாத எரிச்சல். அந்த ஊர்க்காரர்கள் கோபத்தைக்கூடத் தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் பேசுவார்கள். அவரும் அப்படியே இழுத்துச் சொன்னார்: "கிளாரிங், நீங்க தங்கச்சிய நெனச்சுப் பயந்து போயிருக்கீங்க. சந்தேகம் இருந்தா ஒண்ணு பண்ணுங்க. சேமிச்ச பக்கத்துக்கு நம்ம நிஜ சர்வர் முகவரியைக் கொடுங்க. செத்துப்போன சர்வரைத் தேடாம, அங்கேர்ந்து ஃபைலை எடுத்துக்கும். அப்புறம் பளிச்சுன்னு தெரியும், உங்க மனசும் ஆறும்."

நல்ல யோசனைதான். ஒரே ஒரு வரி அமைப்பு. கிளாரிங் எழுதினாள், டெஸ்டை ஓட்டினாள், சேமித்த பக்கத்தைத் திறந்தாள்.

வெள்ளைத் திரை. சரிந்த எழுத்துகள். பெரிய படகு. அந்த வரி.

அவள் ஸ்டைல்ஷீட்டின் முகவரியை மட்டும் எடுத்துத் தனியாகத் திறந்தாள். கிடைக்கவில்லை என்றது. ஸ்கிரிப்டின் முகவரியை எடுத்தாள். அதுவும் கிடைக்கவில்லை.

"சார், நிஜ சர்வர்லயும் இல்லைங்குது."

"இல்லாம எப்படி?" டாடோ சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆரஞ்சுப் பட்டை. அழகான பெட்டிகள். சின்னப் படகு. 'படகு வருகிறது' என்ற வரி எங்கும் இல்லை. "இது என்ன? பேயா?"

மைலினும் தன் போனில் பார்த்தாள். சரியாக இருந்தது. கிளாரிங்கின் போனிலும் சரியாகவே இருந்தது. கிளாரிங் மூச்சை விட்டாள். வெளியே முதல் மழை ஜன்னலில் கல்லெறிந்ததுபோல விழுந்தது.

அதோடு விட்டிருப்பாள். ஆனால் சர்வர் 'இல்லை' என்று சொன்னதும் போன் 'இருக்கிறது' என்று காட்டியதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமை அவளை உட்காரவிடவில்லை. எப்படியும் எதெலுக்குப் பேசவேண்டும். போனை எடுத்தாள்.

நான்கைந்து முறை முயன்ற பிறகு எதெல் எடுத்தாள். பின்னால் காற்று ஊதுகிற சத்தம்.

"எதெல், படகு கேட்டியா?"

"காலையிலேயே கேட்டுட்டேன் மானாங். பை கட்டி வாசல்ல வெச்சுட்டேன். அதான் படகு வருதே."

"யாரு சொன்னா?"

"உங்க பக்கம்தான் சொல்லுது. இருக்கும் இடத்திலேயே இருங்க, படகு வருகிறதுன்னு. நான் எங்கயும் போகல. சமத்தா உக்காந்திருக்கேன்."

கிளாரிங் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "பக்கம் என்ன நெறத்துல இருக்கு?"

"என்னது?"

"நெறம், எதெல். பக்கம் என்ன நெறம்?"

"நெறமா? வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு படகு, தலையணை சைஸுக்கு. ஏன் மானாங், உங்க ஆபீஸ்ல பெயின்ட் வாங்கக் காசில்லயா?" எதெல் சிரித்தாள்.

கிளாரிங் திரையில் இருந்த சேமித்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே அந்த வரி இருந்துச்சா?"

"கவனிக்கல. அழுத்தினேன். கீழ பாத்தா இருந்துச்சு. என்ன ஆச்சு?"

"யாருக்கும் போகல எதெல். நீ கேட்டது யாருக்கும் போய்ச் சேரல. படகு வரல. அந்த வரி பொய். நீ மேட்டுக்குப் போ, இப்பவே கெளம்பு."

எதெலின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "மானாங், இந்த வரிசையில இருக்குற எல்லா வீட்டுக்கும் நான்தான் படிச்சுக் காட்டினேன். எல்லாரும் பையோட உக்காந்திருக்காங்க."

"போ எதெல். போ—"

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தாள். மணியே போகவில்லை.

மைலின் தன் போனை எடுத்து, அந்தப் பக்கத்துக்காகப் போனில் சேமிப்பில் இருந்ததை எல்லாம் அழித்தாள். தீவுகளில் சிக்னல் மோசம் என்பதால், ஒருமுறை திறந்த பக்கம் ஸ்டைல்ஷீட்டோடும் ஸ்கிரிப்ட்டோடும் போனிலேயே தங்கிவிடுகிற மாதிரி அவர்களே செய்து வைத்திருந்தார்கள். முன்பே திறந்தவர்களுக்கு அந்தப் பழைய பக்கம்தான் இப்போதும் தெரிந்துகொண்டிருந்தது. மைலின் பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். திரையின் வெள்ளை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. போனைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். அம்மணமான பக்கம். பெரிய படகு. அந்த வரி.

"கரன்ட் போனப்ப" என்றாள் மெதுவாக. "ஏத்திட்டிருந்தப்ப கரன்ட் போச்சு இல்ல சார்? பக்கம் போய்ச் சேர்ந்துடுச்சு. மத்த ஃபைல் ரெண்டும் போகல."

டாடோ பேரிடர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். படகுகளை அனுப்புகிற எவாஞ்சலின் அம்மாள் எடுத்தார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் டாடோ. போன புயலுக்கு போன் மேல போன். இன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து ரொம்ப அமைதியா இருக்கு. ஒண்ணு ரெண்டுதான் வருது. ஜனங்க உஷாராயிட்டாங்க, முன்கூட்டியே கெளம்பிட்டாங்க போல. உங்க பக்கத்தாலதான், நல்லா இருங்க."

டாடோ போனை அருகே இழுத்தார். "மேடம், அவங்க கெளம்பல. அங்கேயேதான் இருக்காங்க. உங்களுக்குத்தான் தெரியல."

அவர் விளக்கிச் சொன்னார். எவாஞ்சலின் அம்மாள் கேட்டார்: "எந்தெந்தத் தீவு?"

"தெரியாது மேடம். எங்களுக்கு எதுவும் வரல."

"கடலோரக் காவல்படை மதியத்துக்கு மேல படகு எறக்க மாட்டாங்க. அது உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

டாடோ விட்டுப்போன ஃபைல்களை ஏற்ற முயன்றார். பாதியில் கட்டிட இணைய இணைப்பு போனது. திரும்ப முயன்றார்; மின்சாரமே போனது. மடிக்கணினியின் பேட்டரியும் மைலினின் போன் இணைப்பும்தான் மிச்சம். அந்த மெலிந்த இணைப்பில் ஃபைல் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது, நின்றது, அறுந்தது.

"ஏத்த வேண்டாம்" என்றாள் கிளாரிங். "நெறம் வேண்டாம், படம் வேண்டாம். முதல்ல அந்த வரியை எடுத்துடு இந்தாய். அப்புறம் ஸ்கிரிப்ட் இல்லாமலே பட்டனை அழுத்தினா சர்வருக்குப் போகட்டும். பழைய காலத்துப் பக்கம் மாதிரி. வெறும் எழுத்துதான், ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

மைலின் எழுதினாள். விரல்கள் தப்புத் தப்பாக விழுந்தன. "கடவுளே, கடவுளே" என்று ஒவ்வொரு வரிக்கும் முணுமுணுத்தாள். கிளாரிங் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பக்கம் ஏறியது. கிளாரிங் சேமிப்பை அழித்த போனில் திறந்து, பொய்ப் பெயர் ஒன்றைப் போட்டு அழுத்தினாள். எவாஞ்சலின் அம்மாளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: 'ஒன்று வந்தது. சோதனையா?'

இனிமேல் கேட்பவர்களுக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் காலையிலேயே கேட்டு முடித்துவிட்டு, பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, சமத்தாக உட்கார்ந்திருப்பவர்கள்? அவர்கள் ஏன் மறுபடி பக்கத்தைத் திறக்கப் போகிறார்கள்? டாடோ சர்வரில், காலையிலிருந்து அந்த வெள்ளைப் பக்கத்தை எத்தனை போன்கள் திறந்தன என்று பார்த்தார். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"வானொலி" என்றாள் கிளாரிங். "பேட்டரி ரேடியோ எல்லா வீட்டுலயும் இருக்கும். புயல் செய்தி கேக்க வெச்சிருப்பாங்க. அதுல சொல்லணும்."

"என்னன்னு சொல்றது?"

"நம்ம பக்கம் பொய் சொல்லிச்சுன்னு."

டாடோ எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "அப்படிச் சொன்னா இந்தக் கடை நாளைக்கு இருக்காது. கேஸ் போடுவாங்க. என்னை உள்ள வெப்பாங்க. எனக்கு மூணு பிள்ளைங்க, கிளாரிங்." அவர் மறுபடி உட்கார்ந்தார். "பயமா இருக்கு."

"எனக்கும்தான் சார்."

மைலின் ஏற்கெனவே வானொலி நிலையத்தின் எண்ணை அழுத்தி போனை நீட்டியிருந்தாள். கிளாரிங் கையை நீட்டினாள். அவளுக்கு முன்னால் டாடோ அதை வாங்கிக்கொண்டார்.

"நான் பேசுறேன். நான்தானே ஏத்தினேன்."

அறிவிப்பாளர் அவரை நேரடியாக ஒலிபரப்பில் விட்டார். டாடோ தன் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொன்னார். பிறகு சொன்னார்: "இன்னிக்குக் காலையில படகு கேட்டவங்க கேளுங்க. பக்கம் வெள்ளையா இருந்திருந்தா, உங்க பேரு எங்களுக்கு வரல. நீங்க அங்க இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியாது. படகு வருகிறதுன்னு போட்டிருந்தா நம்பாதீங்க, அது எங்க தப்பு. காத்திருக்காதீங்க. பக்கத்து வீட்டுல ரேடியோ இல்லன்னா போய்ச் சொல்லுங்க. மேட்டுக்குப் போங்க." ஒருமுறை சொல்லி முடித்ததும் அறிவிப்பாளர் மறுபடி சொல்லச் சொன்னார். அவர் மறுபடி சொன்னார். பிறகு இன்னொரு நிலையம். அதற்கப்புறம் இன்னொன்று. கிளாரிங்கும் மைலினும் தீவுகளின் ஊர்த் தலைவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் அடித்தார்கள். பாதிப் பேருக்கு மணியே போகவில்லை. கிடைத்தவர்களில் ஒருவர், "எங்க மொத்தக் கரையும் காத்துக்கிட்டிருக்குதே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை அணைக்காமலே ஓடினார். அவர் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் வெகுநேரம் போனில் கேட்டது.

பேரிடர் அலுவலகத்துக்கு இப்போது கோரிக்கைகள் கொட்டத் தொடங்கின. எவாஞ்சலின் அம்மாள் மதியத்தைத் தாண்டியும் படகுகளை நிறுத்தவில்லை. காவல்படைக்காரர்களிடம் கெஞ்சினாரோ சண்டை போட்டாரோ, தெரியாது. பிறகு கடல் எழுந்தது, அவராலும் முடியவில்லை. பனகான் பக்கம் ஒரு படகும் போகவில்லை.

மாலைக்குள் புயல் வந்துவிட்டது. மூவரும் ரொட்டிக்கடையின் மாவு அறைக்குள் கடைக்காரர் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டார்கள். மேலே அவர்களுடைய கூரை பிய்ந்து போகிற சத்தம் கேட்டது. கடைக்காரரின் மனைவி ஜெபமாலை சொன்னாள். எல்லோரும் பதில் சொன்னார்கள். கிளாரிங்குக்கு வாய் அசைந்ததே தவிர மனசு அங்கே இல்லை. போனில் தான் கடைசியாகச் சொன்னது எதெல் காதில் விழுந்ததா? விழுந்தாலும் அவள் நேராக மேட்டுக்கா போவாள்? அவளைத் தெரியாதா? அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத்தான் போவாள்.

புயல் போன பிறகும் தீவுகளிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. செல்போன் கோபுரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. நிவாரணப் படகு பனகானுக்குப் புறப்பட்ட அன்று கிளாரிங் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடல் ஒன்றும் நடக்காததுபோல வழவழவென்று கிடந்தது. தீவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தென்னைகளுக்குத் தலையே இல்லை. கரையோர வீட்டு வரிசை இருந்த இடத்தில் வெறும் கம்பங்கள்.

"யாரு அது, அரிசி மூட்டை மாதிரி உக்காந்திருக்கிறது?"

நிமிர்ந்தாள். துறையில், யாருடையதோ ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வயிற்றின்மேல் கையை வைத்தபடி எதெல் நின்றிருந்தாள். கிளாரிங்குக்கு எழுந்திருக்க முடியவில்லை. படகுக்காரர்தான் தூக்கிவிட்டார்.

"இவ்வளவு நாளா வரதுக்கு?" என்றாள் எதெல். இரண்டு பேரும் ஈர மணலில் உட்கார்ந்து அழுதார்கள்.

அழுது முடித்த பிறகு எதெல் சொன்னாள். 'போ' என்ற கடைசிச் சொல்லும் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் யாரோ வீட்டு ரேடியோவில் டாடோவின் குரலும் கேட்டது. ஆட்கள் கிளம்பினார்கள். மலைமேல் இருந்த சிற்றாலயத்துக்குள் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாருமா?"

எதெல் கரையைப் பார்த்தாள். வரிசையின் கடைசி வீடு, ஊருக்கெல்லாம் அண்ணனான மனோங் தாசியோவுடையது. மீன்பிடித்து ஓய்ந்த மனுஷர். அவர் எதெலிடம் கேட்டாராம்: "காலையில நீதானே படிச்சே, இருக்குற இடத்துலேயே இருங்கன்னு? எழுத்துல போட்டிருக்காங்க. எல்லாரும் மேல போயிட்ட அப்புறம் படகு வந்து, ஆளில்லன்னு திரும்பிப் போயிட்டா?" அவர் தன் மனைவி சாபெலை எதெலோடு அனுப்பிவிட்டார். படகு வந்தால் எல்லோரும் எங்கே போயிருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், சொல்லிவிட்டு நான் வருகிறேன் என்றார். இன்னும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை.

கிளாரிங் அந்தக் கடைசி வீட்டு இடத்துக்கு நடந்தாள். எதெல் போகவேண்டாம் என்றாள், கிளாரிங் நிற்கவில்லை. சாபெல் குனிந்து சேற்றிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். ஒடிசலான பெண், அறுபதுக்கு மேல் இருக்கும்.

"மானாங் சாபெல்" என்றாள் கிளாரிங். இந்தப் பெண் என்ன செய்வாளோ என்று பயமாக இருந்தது; ஒன்றுமே செய்யாமல் போனால் என்ன செய்வது என்று அதைவிடப் பயமாக இருந்தது. "அந்தப் போன்ல வந்த வரி. படகு வருகிறதுங்கிறது. அதை எழுதினது நாங்க. என் ஆபீஸ்ல."

சாபெல் நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்கள் காய்ந்திருந்தன.

"என் புருஷன் யார் சொன்னாலும் கேக்காத ஆளு" என்றாள். "குடிக்காதேன்னா குடிப்பாரு. அலை பெருசு, போகாதேன்னா போவாரு. நாப்பது வருஷம் கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு. அன்னிக்கு ஒரு நாள், வாழ்க்கையிலேயே ஒரு நாள், சொன்னபடி கேட்டு உக்காந்தாரு."

கிளாரிங் அங்கேயே நின்றாள்.

சாபெல் மறுபடி குனிந்தாள். சேற்றில் பாதி புதைந்து கிடந்த கூரைத் தகரத்தின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் புடி. என்னால ஒருத்தியா தூக்க முடியல. ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாக்கணும்."

கிளாரிங் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தகரத்தின் விளிம்பு கையை அறுத்தது. அடியில் என்ன இருக்குமோ என்ற நினைப்பில் அவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. மூடாமல் இழுத்தாள். சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருந்து, பெரிய சத்தத்தோடு விட்டது.

அடியில் தண்ணீரும் ஒரு சட்டியும்தான் இருந்தன. சாபெல் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். இரண்டு பேரும் அடுத்த தகரத்துக்கு நகர்ந்தார்கள்.